டெனிஸ்டனுக்கு வைத்த கோப்பை

இது நடந்தது. கட்டிவிட்ட கதை என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்குக் கோபமில்லை. அந்த யாத்திரை பஸ்ஸில் நானும் போனேன். அந்தக் கோட்டைக்குள்ளும் போனேன். கிடங்குக்குள்ளிருந்து வந்த மணத்தை என்னுடைய மூக்காலேயே மணந்தேன். மிச்சமெல்லாம் மெலிசா சொன்னது. அவள் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. வாழ்க்கையில் அவள் சொன்ன ஒரேயொரு பெரிய பொய்யும் இந்தக் கதைக்குள்தான் வருகிறது.

மெலிசா, தாய் பேர்ணடெற் அன்ரி, தகப்பன் யேசுரட்ணம் அங்கிள். மூன்று பேரும் ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில், ஒரு மாடிக் கட்டடத்தின் பதினோராம் தட்டில் இருக்கிறார்கள். சொந்த இடம் மன்னார். மூத்தவன் ஒருவன் இருந்தான், டெனிஸ்டன். 2008இல், பத்தொன்பது வயதில், சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு வருகிறேன் என்று வெளிக்கிட்டவன். சைக்கிள் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. மெலிசாவுக்கு அப்போது ஒன்பது வயது.

அன்றிலிருந்து அன்ரிக்கு ஒரு வழக்கம். ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் கறியும் போட்டு, இன்னொரு கோப்பையால் மூடி, மேசையில் வைப்பார். "வாறவன் பசியோடதான் வருவான்" என்பார். காலையில் அதை அவரே குழைத்துச் சாப்பிடுவார். மன்னாரில் வைத்தார், கனடா வந்தும் வைத்தார். பதினைந்து வருடம்.

நவம்பர் இரண்டாம் தேதி, இறந்த ஆத்துமாக்களின் நாளில், எங்கள் கத்தோலிக்கச் சனம் எல்லாம் கோவிலில் செத்தவர்களின் பெயரைக் கொடுத்துப் பூசை ஒப்புக்கொடுக்கும். அன்ரி மட்டும் டெனிஸ்டனின் பெயரைக் கொடுக்க மாட்டார். "உயிரோட இருக்கிறவனுக்கு ஆரும் செத்த பூசை வைப்பினமோ?" என்று கேட்பார். புத்தி சொல்லப் போய் நானே ஒரு முறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு வருடம் என்னோடு கதைக்கவில்லை.

2023 ஆகஸ்ட் கடைசியில் லூர்து மாதாவிடம் யாத்திரை போனோம். ஒழுங்கு செய்தவர் வின்சன்ற் அண்ணை. பிளேனில் போய் இறங்கி, அங்கிருந்து பஸ். பஸ் முழுக்கச் செபமாலைச் சத்தமும் மட்டன் ரோல்ஸ் மணமும். பிரான்சில் ஓர் ஆற்றங்கரையில் சாரதி பஸ்ஸை நிறுத்திவிட்டான். சட்டப்படி அவன் முக்கால் மணித்தியாலம் ஓய்வெடுக்க வேண்டுமாம். எதிரே ஆற்றை ஒட்டி ஒரு கோட்டை நின்றது.

"எழுநூறு வருசக் கோட்டையாம். ஒரு கல்லும் விழேல்லையாம்," என்றார் வின்சன்ற் அண்ணை. "எங்கட ஆக்கள் கட்டின வீடு ஏழு வருசத்தில ஒழுகுது. வாங்கோ, சும்மா இருக்கிற நேரம் பாப்பம்."

உண்மையாகவே ஒரு கல்லும் விழவில்லை. நான்கு கோபுரங்களும் முழுசாக நின்றன. தூக்குப் பாலத்தின் சங்கிலிக்கு எண்ணெய் பூசியிருந்தார்கள். மரக் கூரையில் தீட்டிய சிவப்பும் நீலமும் இன்னும் மங்கவில்லை. எல்லாம் நேற்றுத்தான் ஆட்கள் எழும்பிப் போனது மாதிரி இருந்தது. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. இடிந்து கிடந்தால் செத்துப்போனது என்று தெரியும்.

ஆற்றுப் பக்கக் கோபுரத்துக்கு ஓர் இளம் பெண் கூட்டிக்கொண்டு போய் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள். வட்டமான அறை. நிலத்தின் நடுவில் ஒரு துவாரம். மேலே இரும்புக் கம்பிகள். கீழே பாழ்கிணறு மாதிரி ஒரு கிடங்கு. அதற்குக் கதவில்லை, படியில்லை, ஜன்னலில்லை. கைதிகளைக் கயிற்றில் இறக்குவார்களாம். பிறகு மறந்துவிடுவார்களாம். அந்தக் கிடங்குக்கு அவர்களுடைய பாஷையில் உள்ள பெயரே மறப்பது என்ற சொல்லிலிருந்து வந்ததுதானாம். சுவரில் கைவிலங்கு இரண்டு தொங்கியது. வருடக்கணக்கில் போட்டிருந்தால் கையைச் சுற்றி வளையம் மாதிரித் தழும்பு விழும் என்று சொல்லி, தன்னுடைய மணிக்கட்டைத் தடவிக் காட்டினாள். மெலிசா அதை ஏனோ உற்றுப் பார்த்தாள்.

அந்தப் பெண் கடைசியாக ஒன்று சொன்னாள். அன்ரிக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் பிடிபடாது. மகளின் கையைச் சுரண்டினார்.

"என்னவாம்?"

"தாய்மார் வள்ளத்தில வந்து, சுவருக்குக் கீழ நிண்டு பேர் சொல்லிக் கூப்பிடுவினமாம்."

"உள்ளுக்கு இருக்கிறவைக்குக் கேக்குமோ?"

"கேக்குமாம் அம்மா. பதிலும் சொல்லுவினமாம்."

நாங்கள் மற்ற எல்லாரும் கோட்டையின் குசினி பார்க்கக் கீழே இறங்கினோம். அன்ரி இறங்கவில்லை, மெலிசாவும் அவரோடு நின்றுவிட்டாள். முழங்கால் வலியென்று கோவிலில்கூட முழந்தாள் போடாத மனுசி அந்தக் கல் நிலத்தில் முழந்தாள் போட்டார். கம்பிகளுக்கு மேலே குனிந்தார்.

"டெனி... டெனி... சாப்பிட வா ராசா. அம்மா வைச்சிருக்கிறன்..."

கைப்பைக்குள் இருந்த ரோல்ஸ் ஒன்றை எடுத்து, கம்பிக்கிடையால் உள்ளே விட்டார்.

மெலிசா காதைக் கொடுத்துக் கேட்டாள். அது விழுந்த சத்தம் வரவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிறதோ என்று போனைப் பார்த்தாள். 1:10.

அப்போதுதான் கீழே ஒரு சத்தம். கிறீ...ச். பழைய இரும்புக் கட்டிலில் படுத்திருந்த ஆள் ஒருவர் எழும்பி உட்காருகிற சத்தம்.

இவர்களைக் காணவில்லையே என்று நான் திரும்பி ஏறி வந்தேன். சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் மணம் வந்தது. சேற்று மணமோ பாசி மணமோ இல்லை. எழுநூறு வருடக் கிடங்குக்குள்ளிருந்து, ஆஸ்பத்திரி வாட்டில் வருகிற மாதிரி, டெற்றோல் மணம் வந்தது.

"துடைக்கிறவை போல," என்றேன் நான். 

ரொறன்ரோவுக்கு வந்த அன்று இரவு அன்ரி சூடை மீன் குழம்பு வைத்து, வழக்கம்போலக் கோப்பையை மூடி வைத்தார். மறுநாள் காலை மெலிசா வேலைக்கு வெளிக்கிடும்போது அன்ரி மேசைக்கு முன்னால் நின்றார். மேல் கோப்பை ஒரு பக்கத்தில் இருந்தது. கீழ்க் கோப்பை வெறுமை. ஒரு பருக்கை இல்லை. முட்களை மட்டும் எடுத்து, இடது பக்க விளிம்பில் குவித்து வைத்திருந்தது.

டெனிஸ்டன் இடது கைக்காரன். சின்ன வயதில் அதற்காக அடியும் வாங்கியவன்.

"வந்திட்டான்," என்றார் அன்ரி.

மெலிசா தகப்பனைப் பிடித்தாள். "அப்பா, சுகர் வருத்தத்தோட அந்தச் சோத்தைச் சாப்பிட்டனீங்களோ?"

"மாதா மேல சத்தியமா நான் தொடேல்லப் பிள்ளை." அங்கிள் நெற்றியில் சிலுவை போட்டார். சொல்லும்போது அவருடைய கண் மேசைப் பக்கம் போகவில்லை.

மறுநாளும் கோப்பை வெறுமை. அதற்கு அடுத்த நாளும். ஒவ்வொரு இரவும் எட்டேகாலுக்கு, யாரோ இழுத்து உட்காருவது மாதிரி, மேசைக் கதிரை ஒன்று நிலத்தில் உராயும். அங்கிள் உடனே டிவியின் சத்தத்தைக் கூட்டுவார். மெலிசா அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். அன்ரி மட்டும் குசினி வாசலில், விளக்கை அணைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். "பாத்தா அவனுக்கு வெக்கமாயிருக்கும்," என்பார். காலையில் மெலிசா கோப்பையைக் கழுவ எடுத்தால் மெல்லிய டெற்றோல் மணம் வரும்.

பயம் ஒருபக்கம் இருக்கட்டும். அவளுக்குப் பெரிய கவலை தாயின் உடம்பு. அன்ரி சாப்பிடுவதை விட்டுவிட்டார். விடிய எழும்பி மகனுக்கென்று சமைப்பார், மத்தியானம் மீன் வாங்கப் போவார், தான் தேத்தண்ணியைத் தவிர ஒரு வாய் வைக்க மாட்டார்.

"அம்மா, பிளீஸ். ஒரு பிடி சாப்பிடுங்கோ."

"எனக்குப் பசிக்கேல்ல. அவன் சாப்பிட்டா எனக்கு வயிறு நிரம்பீடும்."

காப்பு முழங்கை வரை ஏறியது. கலியாண மோதிரம் பாத்திரம் கழுவும்போது கழன்று விழுந்தது. நான் ஒருநாள் போய்ப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், முகத்தில் அப்படியொரு சந்தோசம். சந்தோசத்தில் ஒரு மனுசி உருகிப்போனதை நான் வேறெங்கும் காணவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்த முகம் என்னை விடவில்லை.

ஒக்ரோபர் கடைசியில் அன்ரி குசினியில் விழுந்துவிட்டார். அம்புலன்ஸ் வந்தது. டொக்டர் மெலிசாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். பட்டினி கிடந்த உடம்பு இது, வீட்டில் யாரும் சாப்பாடு கொடுப்பதில்லையா என்று கேட்டார். இப்படியே போனால் டிசம்பர் நத்தாருக்கு உங்கள் அம்மா இருக்க மாட்டார் என்றார்.

மெலிசாவுக்கு அண்ணனின் முகம் பாதிதான் ஞாபகம். தாய் ஒருத்திதான் உலகம். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று அழுதாள்.

அன்ரி அவளுடைய கையைப் பிடித்தார். "மெலி... கோப்பை. மறந்துபோடாத."

"ஓம் அம்மா."

அவள் வைக்கவில்லை. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை.

அங்கிள் மருந்துக் குளிசை போட்டுவிட்டு நேரத்தோடு படுத்துவிட்டார். மெலிசா குசினி வாசலில், தாய் நிற்கும் அதே இடத்தில் நின்றாள். ஆனால் முதுகைக் காட்டவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்புக்கு மேலே உள்ள சின்ன விளக்கு மட்டும் எரிந்தது.

8:10. ஒன்றுமில்லை. வெளியே கெனடி ரோட்டில் பஸ் ஒன்று போகும் சத்தம்.

8:13. டெற்றோல் மணம்.

8:15...

கிறீ...ச்.

கதிரை பின்னுக்கு நகர்ந்தது. தானாக நகர்ந்தது. பிறகு முன்னுக்கு வந்தது. யாரோ உட்கார்ந்துவிட்டார்கள்.

மேசை விளிம்புக்கு மேலே ஒரு கை வந்தது.

இடது கை. எலும்பும் தோலும். நகம் ஒட்ட வெட்டியிருந்தது. முழங்கை வரைதான் தெரிந்தது. அதற்குப் பின்னால் வெறும் இருட்டு.

கை மேசையைத் தடவியது. கோப்பை இருக்கும் இடத்தில் தடவியது. இல்லை.

கொஞ்சம் தள்ளித் தடவியது. இல்லை.

இந்தப் பக்கம்... அந்தப் பக்கம்... கண் தெரியாத ஆள் தேடுவது மாதிரி... சர்... சர்...



கை விளக்கு வெளிச்சத்துக்குள் வந்தது. மணிக்கட்டு தெரிந்தது.

மணிக்கட்டைச் சுற்றி, வளையமாக, வெள்ளைத் தழும்பு.

கை தேடுவதை விட்டது. உள்ளங்கையை மேலே திருப்பி வைத்தது.

காத்திருந்தது.

எவ்வளவு நேரம் என்று மெலிசாவுக்குத் தெரியாது. மறுபடி பார்த்தபோது மேசை வெறுமையாக இருந்தது. கதிரை மட்டும் விலகியே இருந்தது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று நினைத்தாள். கோபுரத்தில் தொங்கிய விலங்கு, அந்தப் பெண் தடவிக் காட்டிய மணிக்கட்டு. மறக்கப்பட்ட கைதிகளின் கிடங்குக்குள் அம்மா ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், சாப்பாடும் போட்டார். எழுநூறு வருடம் பட்டினி கிடந்த ஏதோ ஒன்று அண்ணாவின் பெயரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டது. முதலில் சோற்றைத் தின்றது. இப்போது அம்மாவைத் தின்கிறது. அந்தப் பெயரில் வந்ததை அந்தப் பெயரிலேயே அனுப்ப வேண்டும்.

அண்ணா செத்து எவ்வளவோ காலம். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. உங்களுக்கும் எனக்கும் இருந்திருக்காது.

அடுத்த நாள் கோவிலுக்குப் போனாள். ஃபாதர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அண்ணா இறந்தது உறுதியோ மகள்? அம்மா ஒத்துக்கொண்டவவோ?"

"ஓம் ஃபாதர். தகவல் வந்திட்டுது. அம்மாதான் என்னை அனுப்பினவ."

அதுதான் அந்தப் பொய்.

நவம்பர் இரண்டு. பின்னேரம் ஏழு மணிப் பூசை. அன்ரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வீட்டில் இருந்தார். வேலையில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு மெலிசா தனியாகப் போனாள். மெழுகுதிரி ஏற்றினாள். ஏழேகாலுக்கு ஃபாதர் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். டெனிஸ்டன் யேசுரட்ணம். ஒலிபெருக்கியில் அந்தப் பெயரைக் கேட்டதும் முழந்தாள் போட்டாள். கண்ணை இறுக மூடி, மனதுக்குள் சொன்னாள்.

நீ ஆராயிருந்தாலும் போ. இனி எங்கட வீட்ட வராத.

வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவளுக்குக்கூடக் கேட்டிருக்காது. அந்தப் பக்கத்தில் இருந்தவள் நான்தான்.

அவள் வீட்டுக்குப் போனபோது மணி எட்டு. அன்ரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கோப்பையை மூடினார். எட்டேகால் ஆனது. எட்டரை ஆனது. கதிரை நகரவில்லை. டெற்றோல் மணம் வரவில்லை. காலையில் சோறு அப்படியே இருந்தது, மேலே குழம்பு ஆடை படிந்து.

"அவன் வரேல்ல," என்றார் அன்ரி.

 அன்ரி கொஞ்ச நேரம் அந்தக் கோப்பையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, முந்திய வழக்கம்போல, அந்தச் சோற்றைத் தானே குழைத்துச் சாப்பிட்டார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவருடைய முதல் சாப்பாடு. மெலிசா அறைக்குள் போய் மாதாவுக்கு நன்றி சொன்னாள்.

அன்ரியின் உடம்பு மெல்ல மெல்லத் தேறியது. மோதிரம் விரலில் நின்றது. சிரிப்பு மட்டும் திரும்பி வரவில்லை. பரவாயில்லை, உயிர் தப்பியதே பெரிய காரியம் என்று மெலிசா நினைத்தாள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

டிசம்பர் நடுவில் ஓர் இரவு அவளுடைய வாட்ஸப் அடித்தது. இலங்கை நம்பர். ஒரு பெண் குரல், நல்ல மன்னார்த் தமிழ்.

"நான் சிஸ்டர் கிளடிஸ் கதைக்கிறன் மகள். மன்னாரில இருக்கிற உங்கட மாமிதான் நம்பர் தந்தவ. உங்களைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும்."

தெற்கில், ஆளடையாளம் தெரியாதவர்களைப் பார்க்கிற ஓர் இல்லம். நடத்துவது கன்னியாஸ்திரிகள். எல்லாரும் சிங்களம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ரோட்டில் கிடந்த ஓர் இளைஞனை யாரோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். எந்த ஊர், எந்தப் பாஷை, ஒன்றும் தெரியாது. பேச மாட்டான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான்.

"ஆகஸ்ட் கடைசியில, ஒரு பின்னேரம் நாலு நாப்பதுக்கு, கட்டில்ல படுத்திருந்தவர் எழும்பி இருந்திட்டாராம். 'ஓம் அம்மா, வாறன்' எண்டு சொன்னாராம். அப்பதான் இவைக்கு ஆள் தமிழெண்டே தெரியும். என்னைக் கூப்பிட்டவை."

பின்னேரம் நாலு நாற்பது. பிரான்சில் மத்தியானம் ஒன்று பத்து.

மெலிசா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அதுக்குப் பிறகு காலமைச் சாப்பாடு தொட மாட்டார். கேட்டா, அம்மா தந்தவ எண்டுவார். ஆள் தேறிக்கொண்டே வந்தவர். அவற்ற இடது கையில மீன் குழம்பு மணக்கும். இஞ்ச நாங்கள் மீன் சமைக்கிறேல்ல மகள்..."

"சிஸ்டர்... அவற்ற கையில..."

"ஓம், ரெண்டு மணிக்கட்டிலயும் தழும்பு. வரேக்கையே இருந்ததாம். எங்கயோ கனகாலம் கட்டி வைச்சிருக்கினம். பேர் டெனி எண்டார். பிறகு மன்னார் எண்டார். சொல்லுச் சொல்லா எடுத்து ஊருக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தன். அதுக்குள்ள..."

"எப்ப?"

"நவம்பர் மூண்டு விடியப்புறம். நாலே முக்கால். உடம்பில ஒரு வருத்தமும் இல்லை. நான் பக்கத்தில இருந்தனான்."

அங்கே நவம்பர் மூன்று, விடியப்புறம் நாலே முக்கால். இங்கே நவம்பர் இரண்டு, இரவு ஏழேகால்.

மெலிசாவுக்குக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"ஒண்டு கேக்கவேணும் மகள். அண்டைக்கு அவர் வழக்கத்தை விட நேரத்தோட எழும்பிச் சாப்பாட்டுக்குக் கை நீட்டினவர். பிறகு கையை எடுத்திட்டார். அழுதார். 'இனி வீட்ட வர வேண்டாமாம், மெலி சொல்லுறாள்' எண்டார். அதுதான் கடைசிக் கதை."

பிறகு சிஸ்டர் கேட்டார்.

"மெலி எண்டது ஆர்?"

 போன் காதில் இருந்தபடியே இருந்தது. மணி எட்டேகால். குசினியில் அன்ரி ஒரு கோப்பையை எடுத்து இன்னொரு கோப்பையால் மூடுகிற சத்தம் கேட்டது.